மீன் பொரிக்கப் பயப்படாத குசினி

மல்கிரேவ் பக்கம் வீடு வாங்கும் எங்கட ஆக்களுக்கு வாய்ப்பது பெரும்பாலும் இரண்டில் ஒன்று. எழுபதுகளில் கட்டிய செங்கல் வீடு, இல்லாவிட்டால் வேவர்லி பார்க் புதுவீடு. 1970இல் திறந்து, மூன்று தசாப்தம் ஃபுட்டி விளையாடிய மைதானத்தைச் சுற்றி 2000க்குப் பிறகு எழும்பிய வீடுகள் அவை. பழைய வீட்டில் குசினி சின்னது, தனி அறை மாதிரி ஒதுங்கி இருக்கும். அலுமாரிக் கதவுகள் மண்ணிறம் அல்லது மங்கிப்போன கிறீம் நிறம். புதுவீட்டில் குசினி, சாப்பாட்டு மேசை, சோபா, டிவி எல்லாம் ஒரே மண்டபம்.

இரண்டு வீட்டுக்காரரும் ஒருநாள் "கிச்சனை மாத்துவம்" என்று தொடங்குவார்கள். போனில் படங்கள் சேரும். வெள்ளைக் கதவு, கைபிடி இல்லை, நடுவில் கல் போட்ட ஐலண்ட் பெஞ்ச், அதன்மேல் ஒரு கிண்ணம் எலுமிச்சம்பழம். அந்தப் படங்களில் ஒருவரும் எதையும் பொரிப்பதில்லை, கவனித்தீர்களா?

காசைக் கொட்டிக் கட்டிய கிச்சனில் மூன்றாம் மாதமே "இஞ்ச வேண்டாம், கதவெல்லாம் எண்ணெய் படும்" என்ற பேச்சு தொடங்கி, மீன் பொரியலும் தாளிப்பும் கராஜுக்குப் போன வீடுகள் உங்களுக்கும் தெரிந்திருக்கும். மெல்பேர்ண் குளிரில் கராஜ் கதவை மூடிக்கொண்டு சின்ன கேஸ் அடுப்பைப் பற்றவைத்தால் கார்பன் மொனொக்சைட் சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உயிரை எடுக்கும். கதவைத் திறந்து வைத்துச் சமைத்தாலும் வேறொன்று நடக்கிறது. எங்கட சமையல் வெளியில் ஒளித்துச் செய்கிற வேலை என்று பிள்ளைகள் விளங்கிக்கொள்கிறார்கள். பிறகு "பிள்ளையள் எங்கட சாப்பாட்டைச் சாப்பிடுகினமில்லை" என்று கவலைப்பட்டு என்ன பயன்?

எந்தக் கதவைப் போடுகிறோமோ, அதுவே பிறகு வீட்டுக்குள் எதைச் சமைக்கலாம் என்று முடிவு செய்கிறது. ஷோரூமுக்குப் போகுமுன் இதை நினைவில் வைத்திருங்கள். ஷோரூமில் ஒருவரும் மிளகாய் வறுப்பதில்லை.

வடிவம்: தட்டையா, ஷேக்கரா?

கதவின் வடிவத்தைப் பற்றி வீட்டில் நடக்கும் வாக்குவாதம் பெரிது. விஷயம் சின்னது. முழுத் தட்டையான கதவு ஒன்று. சுற்றிவரச் சட்டம் வைத்து நடுப்பலகை உள்ளே பதிந்திருக்கும் ஷேக்கர் கதவு மற்றது. ஷேக்கர் என்பது 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தோன்றி அமெரிக்காவில் வளர்ந்த ஒரு கிறிஸ்தவக் குழுவின் பெயர். ஆடம்பரம் கூடாது என்று வாழ்ந்தவர்கள், தளபாடத்தையும் அப்படியே செய்தார்கள். அந்த எளிமைக்குத்தான் இன்று நாங்கள் தட்டைக் கதவைவிடக் கூடுதல் காசு கொடுக்கிறோம்.

ஷேக்கர் வடிவானதுதான், மறுக்கவில்லை. ஆனால் நடுப்பலகை கீழ்ச்சட்டத்தைச் சந்திக்கும் இடத்தில் ஒரு சின்ன விளிம்பு இருக்கிறது. அரிசிமாத் தூசியும் எண்ணெய் ஆவியும் அதில் சேர்ந்து பசை மாதிரி இறுகும். அதைப் பல்துலக்கும் பிரஷ் கொண்டு சுரண்டப்போவது யார் என்று முதலில் பேசி முடித்துவிடுங்கள். ஷேக்கர்தான் வேண்டும் என்றால் அடுப்புக்குத் தூரமான இடத்தில், சாப்பாட்டு மேசைப் பக்கம் தெரியும் உயரமான அலுமாரிகளுக்குப் போடலாம். அடுப்பைச் சுற்றி ஒரு மீற்றருக்கு அதே நிறத்தில் தட்டைக் கதவு போதும். கலந்து போடுவது பிழையில்லை. டிசைனர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

கைபிடி இல்லாத கதவைப் பற்றியும் ஒரு சொல். நாங்கள் கையால் சமைக்கிற ஆக்கள். புட்டுக்கு மா குழைத்த கையோடு லாச்சி இழுக்க வேண்டிவரும். நீளக் கம்பிக் கைபிடி என்றால் சுண்டுவிரலைக் கொளுவி இழுத்துவிடலாம். தள்ளித் திறக்கும் கதவில் ஒவ்வொரு தடவையும் ஐந்து விரலும் பதியும். கதவின் மேல்விளிம்பைச் சரித்து வெட்டி விரல்விடும் வகையில், பெஞ்சிலிருந்து வழியும் குழம்பு நேரே அந்தப் பள்ளத்தில் நிற்கும். அடுப்பருகில் கைபிடி வையுங்கள். பழைய பாணி என்று ஒருவரும் சிரிக்கப்போவதில்லை.

மேற்பூச்சில்தான் காசும் கண்ணீரும்

அலுமாரியின் உடல், அதாவது கதவுக்குப் பின்னால் இருக்கும் பெட்டி, இங்கே பெரும்பாலும் 16 மில்லிமீற்றர் மரத்தூள் பலகை. இரு பக்கமும் வெள்ளை மெலமைன் ஒட்டி வரும். இதில் ஈரம் தாங்கும் வகையைக் கேளுங்கள். வேலைக்காரர்கள் எச்.எம்.ஆர். என்பார்கள். சிங்க்குக்குக் கீழே வரும் பெட்டிக்காவது அது கட்டாயம். ஈரம் தாங்கும் என்றால் தண்ணீரில் ஊறலாம் என்று அர்த்தமில்லை, ஊதுவதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும், அவ்வளவுதான். பலகையை ஒட்டும் பசையிலிருந்து ஃபோர்மல்டிஹைட் கசியும் என்பதால் அதற்கும் தரவகை உண்டு. ஈ-1ஐவிட ஈ-0 குறைவாகக் கசியும். வீட்டில் ஆஸ்துமா உள்ள பிள்ளை இருந்தால் இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கதவுக்கு வருவோம். மலிவானதும், நான் முதலில் பார்க்கச் சொல்வதும் மெலமைன். பிசினில் ஊறிய அலங்காரத் தாளைச் சூட்டில் அழுத்திப் பலகையில் ஒட்டியது. தட்டையாக மட்டுமே வரும். முகப்பு உறுதியானது, பலவீனம் விளிம்புப் பட்டையில். பட்டை ஒழுங்காக ஒட்டப்படவில்லை என்றால் அந்த இடுக்கால் ஈரம் புகுந்து பலகை ஊதும். ஷோரூமில் கதவின் முகத்தைத் தடவாமல் விளிம்பை நகத்தால் தடவிப் பாருங்கள். இந்தியாவில் கட்டிய வீடுகளில் சன்மைக்கா என்று சொல்லும் லமினேட் இதன் அண்ணன். பல தாள் அடுக்கி உயர் அழுத்தத்தில் செய்தது. 1912இல் அமெரிக்காவில் ஃபோர்மைக்கா வந்தபோது அது மின்சாரப் பொருட்களுக்கான காப்பு. மைக்காவுக்குப் பதிலாக, ஆங்கிலத்தில் 'ஃபோர் மைக்கா', அதுதான் பெயர். அவுஸ்திரேலியாவின் லமினெக்ஸ் மெல்பேர்ணில் பிறந்தது. எழுபதுகளின் மல்கிரேவ் கிச்சனில் ஐம்பது வருஷமாகக் கிடக்கும் அந்த மண்ணிறக் கதவு இன்னும் உரியாமல் இருந்தால், லமினேட்டுக்கு அதைவிட நல்ல சான்று தேவையில்லை.

அடுத்தது வைனில் ராப். தெர்மோலமினேட் என்றும் சொல்வார்கள். எம்.டி.எப். பலகையில் ஷேக்கர் போல வெட்டி, அதன்மேல் பிளாஸ்டிக் படலத்தைச் சூடாக்கி உறிஞ்சி ஒட்டுவது. மூட்டு இல்லை, விலையும் டூ-பேக்கைவிடக் குறைவு, கண்ணுக்குப் பெயின்ட் அடித்த ஷேக்கர் போலவே தெரியும். அதனால் பலர் இதில் விழுகிறார்கள். படலம் ஒட்டியிருப்பது சூட்டில் இளகும் பசையால். அவனுக்குப் பக்கத்துக் கதவில் மூலை எழும்பும். எங்கட வீட்டில் இன்னும் இரண்டு எதிரிகள்: சோறு அவியும் ரைஸ் குக்கரும், இடியப்பம் அவிக்கும் பானையும். இவற்றின் ஆவி நேரே மேல் அலுமாரியின் அடியில் போய் முட்டும். தினமும் முட்டும். படலம் ஒருமுறை எழும்பினால் திருப்பி ஒட்டி நிற்பதில்லை, கதவையே மாற்றவேண்டும். வைனில்தான் போடுவது என்று முடிவென்றால், அவனுக்கு இருபக்கமும் சூடு தடுக்கும் பட்டை போடச் சொல்லுங்கள். ரைஸ் குக்கருக்கு மேல் அலுமாரி வராத ஓரிடத்தைப் பிளானிலேயே குறித்துவிடுங்கள்.

படங்களில் வரும் அந்தப் பட்டுப்போன்ற கதவு பெரும்பாலும் டூ-பேக். இரண்டு திரவம் கலந்து இறுகும் பொலியூரிதேன் பெயின்ட். எந்த நிறமும் கிடைக்கும், விளிம்பு இடுக்கு இல்லை, துடைக்கலாம், பழுதானால் திரும்ப ஸ்ப்ரே செய்யலாம். விலை அதிகம், அடிபட்டால் சில்லுச் சில்லாகப் பெயரும். பிள்ளைகள் ஸ்கூட்டர் ஓட்டும் வீட்டில் கீழ்க்கதவுக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். இதில் இன்னொரு எச்சரிக்கை. அந்தப் பெயின்டில் ஐசோசயனேட் உண்டு. ஸ்ப்ரே செய்பவருக்கே ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடியது. காற்று உறிஞ்சும் கூண்டுக்குள் செய்யவேண்டிய வேலை. "உங்கட வீட்டிலேயே வச்சு அடிச்சுத் தாறன், மலிவு" என்று யாராவது வந்தால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

மரம் விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். முழுமரக் கதவு மெல்பேர்ணின் மாறும் ஈரப்பதத்தில் வளையும், வெனீர் பரவாயில்லை. விக்டோரியாவின் அரச காடுகளில் இயற்கை மரம் வெட்டுவது 2024 ஜனவரி 1இல் நிறுத்தப்பட்டது. அதனால் 'விக்டோரியன் ஆஷ்' என்று யாராவது சொன்னால் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். இன்றைய மெலமைன்களில் மரரேகை கையால் தடவினாலும் தெரியும் அளவுக்கு வந்துவிட்டது. அந்தச் சொரசொரப்பு விரல் அடையாளத்தையும் மறைக்கும். கறுப்பு மேட் நிறம் அதற்கு நேர் எதிர், ஒவ்வொரு எண்ணெய் விரலையும் சாட்சி சொல்லும்.

மாதிரித் துண்டைச் சமையுங்கள்

லமினெக்ஸ், பொலிடெக் போன்ற நிறுவனங்கள் நிறம் பார்க்கச் சின்னச் சின்ன மாதிரித் துண்டுகள் தரும். எங்கட ஆக்கள் அதை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்துவிடுகிறார்கள். அவற்றை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

ஒரு கரண்டி தேங்காயெண்ணெயில் மஞ்சள்தூளும் வறுத்த மிளகாய்த்தூளும் குழைத்து, ஒவ்வொரு துண்டிலும் ஒரு பொட்டு வையுங்கள். இரவு முழுக்க விடுங்கள். காலையில் முதலில் ஈரத்துணி, பிறகு பாத்திரம் கழுவும் சவர்க்காரம். மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் தண்ணீரில் கரைவது மிகக் குறைவு, எண்ணெயில் நன்றாகக் கரையும். ஆகவே வெறும் தண்ணீரால் துடைத்து "போகுதில்லை" என்று அழவேண்டாம். கறை மிஞ்சினால் துண்டை வெயில்படும் யன்னலில் வையுங்கள். குர்குமினை வெளிச்சம் சிதைக்கும். அதற்குப் பிறகும் நிற்கிறதென்றால் அந்தப் பூச்சு உங்களுக்கு வேண்டாம். கறை நீக்க வெள்ளை 'மேஜிக்' ஸ்பொஞ்ச் எடுக்கிறவர்கள் கவனிக்க: அது மிக மெல்லிய உப்புக் கடதாசி மாதிரி வேலை செய்யும், பளபளப்பான கதவை மங்கச்செய்துவிடும்.

அடுத்த துண்டை ரைஸ் குக்கரின் ஆவித் துளைக்கு மேலே பத்து நாள் ஒட்டி வையுங்கள். விளிம்பு என்ன ஆகிறது என்று பாருங்கள். விற்பனையாளர் சொல்லாததை அது சொல்லும்.

இந்தச் சோதனையில் தேறிய கதவையும் ஒரு மோசமான ரேஞ்ச்ஹூட் இரண்டு வருஷத்தில் கெடுத்துவிடும். காற்றை வடிகட்டித் திரும்ப அறைக்குள் விடும் வகையில் எண்ணெயில் ஒரு பங்கு பிடிபடலாம், நீராவி அப்படியே திரும்பி வரும். கூரையாலோ சுவராலோ வெளியே குழாய் போகும் ஹூட் வேண்டும். கதவுக்கு ஒதுக்கிய பணத்தில் கொஞ்சத்தை எடுத்து இதற்குப் போடுங்கள் என்பதுதான் என் ஒரே பிடிவாதம். ஹூட் ஒழுங்காக இருந்தால் மலிவான மெலமைனும் நீண்டகாலம் நிற்கும்.

இப்போது கட்டும் வீடுகளுக்கு 'ஸ்பைஸ் கிச்சன்' என்று பின்னால் ஒரு குட்டிக் குசினி வைத்து விற்கிறார்கள். ஊரில் வெளிக்குசினி இருந்தது தானே என்று அப்பாமார் சந்தோஷப்படுவார்கள். இடமிருந்தால் செய்யுங்கள். ஆனால் ஹூட்டும் யன்னலும் இல்லாத ஓர் இடுக்கில் அம்மாவை நிறுத்திவிட்டு, முன் கிச்சனை வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கென்று வைப்பதென்றால் அது கராஜ் கதைதான், கொஞ்சம் வடிவான கராஜ். நல்ல அடுப்பும் நல்ல ஹூட்டும் எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஆட்கள் நிற்பார்கள்.

கல் பற்றி

கதவு தெரிவு செய்யும்போதே பெஞ்சின் மேற்பரப்பும் முடிவாகும். அதனால் இதையும் சொல்லவேண்டும். பத்துப் பதினைந்து வருஷமாக எல்லோரும் போட்ட செயற்கைக் கல்லை, அதாவது எஞ்சினியர்ட் ஸ்டோனை, 2024 ஜூலை 1 முதல் அவுஸ்திரேலியாவில் புதிதாகச் செய்யவோ விற்கவோ பொருத்தவோ முடியாது. உலகில் முதலில் தடைசெய்த நாடு இது. அந்தக் கல்லில் சிலிக்கா 95 வீதம் வரை இருக்கலாம். வெட்டும்போது எழும் நுண்தூசி நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் என்ற குணமாகாத நோயைத் தரும். 2018இல் குயின்ஸ்லாந்தில் நோயாளிகள் அடுத்தடுத்துக் கண்டுபிடிக்கப்பட்டபோதுதான் ஊருக்கு விஷயம் தெரிந்தது. பலர் இளம் வயது வேலையாட்கள். எங்கட பெஞ்ச் பளபளக்க யாரோ ஒரு வீட்டுப் பிள்ளையின் மூச்சு போயிருக்கிறது.

வீட்டில் ஏற்கெனவே இருக்கும் கல் சும்மா இருந்தால் ஆபத்தில்லை. புது அடுப்புக்காக அதில் பெரிய துவாரம் வெட்டப்போகிறேன் என்றால் ஆபத்து. உலர வெட்டுகிறவரை வாசலிலேயே நிறுத்துங்கள். இப்போது அதற்குப் பதிலாக வருபவை போர்சலின், சிலிக்கா இல்லாத புதிய கற்கள், கிரனைட், லமினேட். மார்பிளை மட்டும் தவிருங்கள், புளியும் தேசிக்காயும் அதை அரித்துவிடும். லமினேட் பெஞ்ச் என்றால் மதிப்பில்லை என்று நினைக்கிறவர்கள் இன்றைய வகைகளை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசட்டும்.

உள்ளே என்ன வைப்பீர்கள்?

1926இல் ஃபிராங்க்ஃபர்ட் நகரத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்த கிச்சனைத்தான் இன்றைய பொருத்து அலுமாரிகளின் தாய் என்கிறார்கள். அரிசி, மா, சீனிக்கெல்லாம் பெயர் எழுதிய அலுமினிய லாச்சிகள் அதில் இருந்தன. ஆனால் அது ஒரு பெண் தனியாக நின்று சமைப்பதற்கான ஒடுங்கிய அறை. எங்கட குசினியில் அம்மா, மகள், மருமகன், பக்கத்து வீட்டு அக்கா என்று நாலு பேர் நிற்பார்கள். ஐலண்டுக்கும் அலுமாரிக்கும் இடையில் ஒரு மீற்றருக்கு மேல் விடுங்கள்.

பெஞ்சுக்குக் கீழே தட்டு அலுமாரி வேண்டாம், லாச்சி போடுங்கள். குனிந்து முழங்காலில் நின்று பின்னால் கிடக்கும் நீத்துப்பெட்டியைத் தேடுகிற வயது அம்மாமாருக்குப் போய்விட்டது. லாச்சியின் தண்டவாளத்துக்குச் சுமை அளவு உண்டு. சிலது 30 கிலோ, சிலது 65, 70 கிலோ. அரிசியும் கிரைண்டரும் வைக்கும் லாச்சிக்குப் பெரிய சுமையைக் கேளுங்கள். அதன் மேலதிகச் செலவு கதவின் நிறத்துக்குக் கொடுப்பதைவிடக் குறைவு.

இங்கே வழக்கமான பெஞ்ச் உயரம் 90 சென்ரிமீற்றர். முழங்கை உயரத்திலிருந்து 10 தொடக்கம் 15 சென்ரிமீற்றர் கழித்தால் வருவது வசதியான உயரம். ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைந்த ஓர் அம்மாவுக்கு அது 80இலிருந்து 85க்குள் வரும். இடியப்பம் பிழிய, மா குழைக்க ஒரு துண்டு பெஞ்சையாவது தாழ்த்திக் கட்டலாம். டிஷ்வாஷர் வரும் இடத்தில் தாழ்த்த முடியாது, அதற்கு உயரம் வேண்டும். "அம்மா, இதில வந்து ஒருக்கா நில்லுங்கோ" என்று கூப்பிட்டு நாடாவால் அளக்க ஐந்து நிமிடம் போதும். அவர் "எனக்கு எதுவும் பரவாயில்லை பிள்ளை" என்றுதான் சொல்வார். அதைக் கேட்காதீர்கள், முழங்கையை அளவுங்கள்.

பெஞ்சில் இறுக்கும் தேங்காய்த் திருவலை வைத்திருக்கிறீர்களா? பெஞ்சின் விளிம்பு கதவைத் தாண்டி இரண்டு மூன்று விரல் வெளியே நீட்டி நிற்காவிட்டால் அதை இறுக்க இடமே இருக்காது. கல்லைத் தரைவரை வழியவிடும் ஐலண்டில் நிச்சயமாக முடியாது. எங்காவது ஓர் ஓரத்தில் நீட்டச் சொல்லுங்கள். ஃப்ரோசன் தேங்காய்ப்பூ போதும் என்கிறவர்கள் இந்தப் பந்தியை விட்டுவிடலாம்.

உடைக்கும் முன்

எழுபதுகளின் மல்கிரேவ் வீடு என்றால் பழைய அலுமாரியைக் கழற்றுமுன் அஸ்பெஸ்டஸ் இருக்கிறதா என்று சோதிக்கவேண்டும். நாடு முழுவதும் முழுத்தடை வந்தது 2003 டிசம்பர் 31இல். 1990க்கு முன் கட்டிய வீடுகளில் டைல்ஸுக்குப் பின்னால் உள்ள சிமெந்துத் தகடு, தரை வைனிலின் அடிப்பக்கம் போன்ற இடங்களில் அது இருக்கலாம். பார்த்துச் சொல்ல முடியாது, ஆய்வுகூடத்தில்தான் தெரியும். சனிக்கிழமை மச்சானையும் கூட்டி வைத்துச் சுத்தியலால் உடைக்கும் திட்டத்தை அந்த அறிக்கை வரும்வரை தள்ளிப்போடுங்கள், பிள்ளைகள் அதே வீட்டில்தான் படுக்கிறார்கள்.

ஸ்பிரிங்வேல் ஐகியாவோ, பன்னிங்ஸ் பெட்டிப் பொதிகளோ, டண்டினோங் பக்கத்து அலுமாரித் தொழிலாளியோ, யாரிடம் போனாலும் விலைச்சீட்டில் நாலு விஷயம் எழுத்தில் இருக்கட்டும்: பெட்டிப் பலகையின் வகை, கதவின் பூச்சும் நிறுவனமும் நிறத்தின் பெயரும், பிணைச்சல் எந்த நிறுவனத்தது, சூடு, ஆவிக்கு உத்தரவாதம் உண்டா இல்லையா. கடைசிக் கேள்விக்குத்தான் பெரும்பாலும் மழுப்பலான பதில் வரும், விடாமல் கேளுங்கள்.

இன்னொன்று. நிறங்களை நிறுவனங்கள் சில வருஷத்தில் நிறுத்திவிடும். ஓடர் கொடுக்கும்போதே ஒரு கதவும், ஒரு லாச்சி முகப்பும், இரண்டு மீற்றர் விளிம்புப் பட்டையும் மேலதிகமாக வாங்கி, ஈரம்படாத இடத்தில் துணி சுற்றி வைத்துவிடுங்கள்.